கல்வெட்டு எழுத்துக்கு ஆன்கி: என் செயலியை நிறுத்திய பிறகு எழுதும் மதிப்புரை

கல்வெட்டு எழுத்துகளை மனத்தில் பதியவைப்பதற்காக நானே எழுதி, சில வருடங்கள் வளர்த்த செயலி ஒன்று உண்டு. எழுத்துப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தேன். இப்போது அதில் வேலை செய்வதில்லை. இனிச் செய்யப்போவதும் இல்லை. அது செய்துவந்த வேலையை, கேள்வி அட்டைகளை இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டு நினைவில் பதியவைக்கும் ஆன்கி என்ற இலவச மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டேன். கையில் மீந்த நேரத்தில் வேறொரு சிறிய நிரலை எழுதிவருகிறேன். மருத்துவ மாணவர்களும் பிறமொழி கற்பவர்களும் ஆன்கியை நிறையப் பயன்படுத்துகிறார்கள். கல்வெட்டு வாசிக்கப் பழகுகிறவர்களுக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எங்கே கைவிரிக்கும் என்பதை, அதே வேலைக்கு ஒரு செயலியைக் கட்டிப் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திர மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நிரல் எழுதுவது இரவில், வீட்டு வேலை முடிந்த பிறகு. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்வெட்டு வாசிக்கும் ஒரு சிறு குழுவோடு கோயில்களுக்குப் போவேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்களுக்குச் சொல்லித்தருகிறார். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில்தான் தொடங்கினோம். இரண்டாம் இராசராசன் காலத்துக் கோயில். அடியார் கதைச் சிற்பங்களின் அருகே அவரவர் பெயரைச் சின்னச் சின்னதாக வெட்டியிருக்கிறார்கள். சிற்பத்தைப் பார்த்தால் கதை தெரியும்; கதை தெரிந்தால் பெயரை ஊகிக்கலாம்; ஊகித்த பெயரோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொடக்கக்காரர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. பிறகு தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனோம். அங்கே வரிகள் நீளம், எழுத்துகள் தெளிவு, அச்சான வாசிப்பும் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. நாம் படித்தது சரியா என்று வீட்டுக்கு வந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

படிக்கும்போது புரிகிறது, அடுத்த வாரம் போனால் பாதி மறந்திருக்கிறது. இந்தச் சிக்கலுக்காகத்தான் எழுத்துப்பெட்டி பிறந்தது. நான் எடுத்த படங்களிலிருந்து ஒவ்வோர் எழுத்தையும் வெட்டி, ஒரு பக்கம் படம், மறுபக்கம் விடை என்று வைத்தேன். கோட்லின் என்ற நிரல்மொழியில் எழுதிய செயலி, உள்ளே ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம். எப்போது எந்த எழுத்தைக் கேட்பது என்பதற்கு, போலந்தைச் சேர்ந்த பியோத்தர் வோஸ்னியாக் 1987இல் வகுத்த எஸ்.எம்-2 என்ற கணக்கை எடுத்துக்கொண்டேன். எளிமையான, அழகான கணக்கு அது. சரியாகச் சொன்னால் முதலில் 1 நாள் கழித்துக் கேட்கும், அடுத்து 6 நாள் கழித்து. அதற்குப் பிறகு முந்தைய இடைவெளியை ஓர் எண்ணால் பெருக்கிக்கொண்டே போகும். அந்த எண் 2.5இல் தொடங்கும், திணறினால் குறையும், 1.3க்குக் கீழே இறங்காது. ஒரு மாலையில் எழுதிவிடலாம். எழுதி முடித்து, அது முதன்முதலாக மறுநாள் சரியான எழுத்தைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

அதில் இரண்டு இடங்கள் இறுகிப்போயின. முதலாவது, அந்தப் பெருக்கும் எண். சற்றும் தயங்காமல் விடை சொன்னால் மட்டுமே அது 0.1 கூடும், தட்டுத்தடுமாறிச் சொன்னால் 0.14 குறையும். கடினமான எழுத்துகள் ஒருமுறை 1.3க்கு இறங்கிவிட்டால் மேலே ஏறவே முடிவதில்லை. நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகும் அவை அடிக்கடி வந்து நின்றன. இந்தக் குறை அந்தக் கணக்கின் இயல்பு, பலருக்கும் தெரிந்ததுதான்.

இரண்டாவதுதான் பெரியது. அது கல்வெட்டுத் தமிழின் இயல்பிலிருந்து வருவது. சோழர் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டமாட்டார்கள். ரகரமும் ஆகாரத்துக்குப் போடும் காலும் ஒரே வடிவம். ஆகவே கல்லில் ‘கா’ என்று தெரிவது ‘கா’வாகவும் இருக்கலாம், ‘கர’வாகவும் இருக்கலாம், ‘கர்’ ஆகவும் இருக்கலாம். முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறைக்குப் போனால் பகரமும் வகரமும் ஒன்றையொன்று ஒத்துக் குழப்பும். நடுவே ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று, வடமொழிச் சொற்களை எழுதும் கிரந்த எழுத்து வரும். வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்று குறிகள் வரும். நிலக் கணக்கு வந்தால் மா, காணி, முந்திரி என்று இருபதில் ஒன்று, எண்பதில் ஒன்று, முந்நூற்றிருபதில் ஒன்று எல்லாம் வரிசைகட்டும். ஒரு படம், ஒரு விடை என்ற அமைப்பில் இவை எதுவும் அடங்காது. ஒரே வரியிலிருந்து பல கேள்விகள் பிறக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியிலும் மற்ற எழுத்துகள் பக்கத்தில் துணை நிற்க வேண்டும்.

இதற்காகத் தரவுத்தளத்தை அடியிலிருந்து மாற்றத் திட்டம் போட்டேன். அதே காலத்தில் போனின் இயங்குதளம் புதுப் பதிப்புக்கு மாறியது. படங்கள் இருந்த கோப்புறையைச் செயலியால் திறக்க முடியாமல் போனது. அதைச் சரிசெய்து முடித்தபோது, பல வாரங்களாக ஒரு கல்வெட்டையும் படிக்காமல் நிரல் மட்டுமே எழுதிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. திட்டத் தாளை எடுத்து, எனக்கு வேண்டியவற்றை வரிசையாக எழுதி, ஏற்கெனவே இருக்கும் மென்பொருள்களோடு ஒப்பிட்டேன். ஏறக்குறைய எல்லாமே ஆன்கியில் இருந்தன. அன்றே எழுத்துப்பெட்டியை நிறுத்துவது என்று முடிவெடுத்தேன். அதில் விலைமதிப்புள்ளவை படங்களும் வாசிப்புகளும். அவை என்னுடையவை, எங்கே போனாலும் கூடவே வரும்.

இனி ஆன்கிக்கு வருகிறேன். டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006இல் வெளியிட்டது. மூல நிரல் திறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில் இலவசம். ஆண்ட்ராய்டு போனுக்கு ஆன்கிட்ராய்டு, அதுவும் இலவசம். அதைத் தனியாகத் தன்னார்வலர்கள் செய்கிறார்கள். ஐபோன் செயலியான ஆன்கிமொபைலுக்கு மட்டும் ஒருமுறை பணம் கட்ட வேண்டும், அமெரிக்க விலை 24.99 டாலர். அந்தப் பணம் மென்பொருளை வளர்க்கப் போகிறது என்பதால் எனக்கு அதில் குறையில்லை. பணம் கட்ட முடியாதவர்கள் ஐபோனின் உலாவியில் ஆன்கிவெப் தளத்தைத் திறந்து இலவசமாகப் பயிற்சி செய்யலாம். கணினியில் சேர்த்த அட்டைகள் போனுக்குப் போவதும் ஆன்கிவெப் வழியாகத்தான். பெயரில் ஆன்கி என்று வைத்துக்கொண்டு இதனோடு தொடர்பே இல்லாத செயலிகளும் செயலிக் கடைகளில் கிடைக்கின்றன. பதிவிறக்கும் முன் ஆன்கிட்ராய்டு, ஆன்கிமொபைல் என்ற சரியான பெயர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்கியின் சிறப்பு, குறிப்பையும் அட்டையையும் பிரித்து வைத்திருப்பது. குறிப்பு என்பது தகவல்: படம், வாசிப்பு, கோயில், காலம், என் ஐயம் என்று எத்தனை புலங்கள் வேண்டுமானாலும் வைக்கலாம். அட்டை என்பது அந்தத் தகவலிலிருந்து எழும் கேள்வி. ஒரு குறிப்பிலிருந்து பல அட்டைகள் தாமாகவே உருவாகும். வாசிப்பில் ஒரு பிழை கண்டால் குறிப்பில் ஒருமுறை திருத்தினால் போதும், எல்லா அட்டைகளிலும் திருந்திவிடும். ஆசிரியர் ஒரு வாசிப்பை மாற்றிச் சொல்லும் ஞாயிறுகளில் இது பெரிய நிம்மதி. என் தரவுத்தளத்தை மாற்றி நான் எட்ட நினைத்ததும் இந்த அமைப்பைத்தான்.

அடுத்தது, படத்தின் பகுதிகளை மறைத்துக் கேட்கும் வசதி. முன்பு இதற்குத் துணை நிரல் தேவைப்பட்டது. 2023 இறுதியில் வந்த 23.10 பதிப்பிலிருந்து ஆன்கியிலேயே சேர்ந்துவிட்டது. உடற்கூறு படிப்பவர்கள் எலும்பின் பெயரை மறைத்துவிட்டு என்ன என்று கேட்பார்கள். நான் கல்வெட்டு வரியின் படத்தை மேலே வைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் நேர் கீழே இன்றைய எழுத்தில் வாசிப்பை எழுதி, அந்த வாசிப்பின் மேல் மறைப்புகளைப் போடுகிறேன். ஒன்றை மட்டும் மறைத்து மற்றவற்றைக் காட்டும் முறை உண்டு. எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ஒன்றைக் கேட்கும் முறையும் உண்டு. புதிய வரிக்கு முதல் முறை: பக்கத்து எழுத்துகள் தெரிவதால் ‘கா’வா ‘கர’வா என்பதைச் சொல்லின் பொருளை வைத்துத் தீர்மானிக்கலாம். வரி பழகிய பிறகு இரண்டாம் முறை. இராசராசனின் ‘திருமகள் போல’ என்று தொடங்கும் மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைச் சொல்லும் பகுதியை, இப்படித்தான் பகுதி பகுதியாக ஏற்றியிருக்கிறேன். மெய்க்கீர்த்தி பல கோயில்களில் திரும்பத் திரும்ப வருவதால், ஒரு கோயிலில் தேய்ந்த எழுத்தை இன்னொரு கோயிலின் நினைவைக் கொண்டு நிரப்ப முடிகிறது.

இடைவெளிக் கணக்கும் மாறியிருக்கிறது. ஆன்கியும் முதலில் எஸ்.எம்-2ஐத் தழுவியே இருந்தது. அதே 23.10 பதிப்பில் எஃப்.எஸ்.ஆர்.எஸ் என்ற புதிய கணக்கும் வந்தது. ஒவ்வோர் அட்டைக்கும் அதன் கடினம், நினைவு எவ்வளவு நாள் தாங்கும், இந்த நேரத்தில் நினைவுக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு என்ற மூன்றையும் தனித்தனியாக மதிப்பிடுகிறது. எந்த அளவு நினைவிருக்க வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். அது வைத்துத் தருவது 90 விழுக்காடு. சில மாதப் பயிற்சிப் பதிவுகள் சேர்ந்த பிறகு ‘ஆப்டிமைஸ்’ பொத்தானை அழுத்தினால், நம் மறதியின் போக்குக்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொள்கிறது. 1.3இல் சிக்கிக்கிடந்த என் எழுத்துகள் இங்கே வந்து விடுதலையாயின. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. விடை தெரியாதபோது ‘அகெய்ன்’ பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். ‘ஹார்ட்’ என்பது திணறினாலும் விடை வந்தது என்பதற்கு. தெரியாததற்கு ‘ஹார்ட்’ அழுத்திக்கொண்டே போனால் கணக்கு தலைகீழாகிவிடும்.

எழுத்துருவில் ஆன்கி எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது. கிரந்தம் 2014இலிருந்து யூனிகோடில் இருக்கிறது. மா, காணி போன்ற பின்னக் குறிகள் 2019இல் சேர்ந்தன. ஆனால் பல போன்களில் அவை வெறும் கட்டங்களாகத் தெரியும். ஆன்கியில் எழுத்துருக் கோப்பின் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டு, படங்கள் இருக்கும் கோப்புறையிலேயே வைத்து, அட்டையின் வடிவமைப்புப் பகுதியில் அதன் பெயரைக் குறிப்பிட்டால் போதும். கணினிக்கும் போனுக்கும் இடையே நடக்கும் ஒத்திசைவில் எழுத்துருவும் சேர்ந்து போய்விடுகிறது. நோட்டோ வரிசையில் கிரந்தத்துக்கும் பிராமிக்கும் தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. என் பழைய போனில்கூடக் கட்டங்கள் மறைந்தன. வட்டெழுத்துக்கு யூனிகோடில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. அதற்குப் படம் ஒன்றே வழி.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் மிரட்டும். அமைப்புகள் பக்கத்தில் இருக்கும் சொற்களின் பட்டியல் புதியவரை ஓடவைக்கும். அட்டையின் தோற்றத்தை மாற்ற, இணையப் பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். நிரல் பழக்கம் இல்லாத ஒருவர் இங்கே இன்னொருவரின் உதவியை நாட வேண்டியிருக்கும். படங்களெல்லாம் ஒரே கோப்புறையில்தான் கிடக்கும், உட்கோப்புறை வைத்துக்கொள்ள முடியாது. அதனால் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் கோயில், சுவர், வரி என்று தொடங்கும்படி வைத்துக்கொள்வது நல்லது. நாளுக்கு 20 புதிய அட்டைகள் என்று ஆன்கி தானாக வைத்திருக்கும் அளவு கல்வெட்டுக்கு மிக அதிகம். தெரியாத வடிவங்கள் இருபதை ஒரே நாளில் விழுங்கினால், இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் படிக்க வேண்டியவை மலைபோலக் குவிந்துவிடும். ஐந்துக்குக் குறையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆன்கி நினைவூட்டும், அவ்வளவுதான். கல்லின் முன் நின்று, காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பள்ளத்தின் நிழலைப் பார்த்துப் படிக்கும் பழக்கத்தை எந்த அட்டையும் தராது. தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கல்லில் மாவு பூசுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் போதும்.

எழுத்துப்பெட்டியிலிருந்து ஆன்கிக்கு மாறுவது நான் நினைத்ததைவிட எளிதாக முடிந்தது. தரவுத்தளத்திலிருந்து படத்தின் பெயர், வாசிப்பு, கோயில் ஆகியவற்றை ஒரு உரைக்கோப்பாக எடுத்தேன். படங்களை ஆன்கியின் கோப்புறையில் கொட்டினேன். உரைக்கோப்பை உள்ளே ஏற்றியவுடன் எல்லாம் அட்டைகளாக எழுந்தன. பழைய பயிற்சிப் பதிவுகளை மட்டும் விட்டுவிட்டேன். அதனால் எல்லா எழுத்தும் புதியதாகக் கருதப்பட்டு ஒரே நேரத்தில் வந்து நின்றுவிடாமல் இருக்க, நன்றாகத் தெரிந்தவற்றைத் தேர்ந்து, ‘செட் டியூ டேட்’ என்ற இடத்தில் 20-60 என்று கொடுத்தேன். இருபதாம் நாளுக்கும் அறுபதாம் நாளுக்கும் இடையே அவற்றைப் பரப்பிவைத்துவிட்டது. இப்படி வேறு செயலியிலிருந்து மாறி வருகிறவர்கள் இந்த ஒரு வசதியைத் தெரிந்துகொள்வது நல்லது.

எழுத்துப்பெட்டியை எங்கள் குழுவில் இன்னும் சிலர் போனில் வைத்திருந்தார்கள். நிறுத்துகிறேன் என்று சொன்னதும், குழுவில் இளையவனான கல்லூரி மாணவன், “நன்றாகத்தானே ஓடுகிறது அக்கா, அப்படியே விட்டுவிட்டால் என்ன?” என்று கேட்டான். “இன்று ஓடுகிறது தம்பி. அடுத்த போன் வாங்கும்போது ஓடாது; அப்போது நான் உட்கார்ந்து திருத்தப் போவதில்லை. உன் அட்டைகளை இப்போதே எடுத்துத் தருகிறேன், ஆன்கியில் ஏற்றிக்கொள்” என்றேன். ஆசிரியர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எழுத்து போகாமல் இருந்தால் சரிதான் அம்மா, பெட்டி எதுவானால் என்ன?” என்றார். ஒவ்வொருவருக்கும் அவரவர் அட்டைகளை எடுத்துக்கொடுத்த பிறகுதான் நிறுத்தினேன். சொந்தச் செயலியைக் கைவிடும் யாரும் அதைப் பயன்படுத்தியவர்களுக்கு இதைச் செய்துகொடுத்தாக வேண்டும். ஒருவர் இருந்தாலும் செய்ய வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் நிரலுக்கு வரிக்கோல் என்று பெயர். மேலே சொன்ன அந்தப் படத்தை, அதாவது கல்வெட்டு வரிக்குக் கீழே நேர் நேராக வாசிப்பு எழுதிய படத்தை, முதலில் கையால் செய்துகொண்டிருந்தேன். ஒரு வரிக்கே மாலை முழுவதும் போய்விடும். இதைச் செய்துதரும் மென்பொருள் எதுவும் நான் தேடிய வரையில் அகப்படவில்லை. ஆகவே இதை எழுதலாம், எழுதத்தான் வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுகிறேன். படத்தில் எழுத்துக்கு எழுத்து கோடு கிழித்து வாசிப்பைத் தட்டச்சு செய்தால், அது கீழே பொருத்திக்கொடுக்கிறது. மறைப்புகள் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஆன்கி வெறும் எழுத்துவடிவில்தான் சேமிக்கிறது. கோடுகளின் இடம் என் நிரலுக்குத் தெரியும் என்பதால், மறைப்புகளையும் அதுவே எழுதிவிடுகிறது. ஆன்கிகனெக்ட் என்ற துணை நிரலைக் கணினியிலுள்ள ஆன்கியில் நிறுவிக்கொண்டால், வேறு நிரல்கள் நேரடியாக அதற்குள் குறிப்புகளைச் சேர்க்கலாம். ஆகவே நினைவுக் கணக்கு, ஒத்திசைவு, போன் திரை இவற்றில் ஒன்றுக்கும் நான் ஒரு வரி எழுத வேண்டியதில்லை.

இந்தப் பாதையில் வருகிறவர்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. பைத்தானில் படத்தின் மேல் தமிழ் எழுதப் பில்லோ நூலகம் போதும் என்று தோன்றும். அதோடு ராக்ம் என்ற நூலகமும் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழும். எழுத்துருவில் கோளாறு என்று அங்கே தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

ஆன்கி யாருக்கு? கல்வெட்டில் முதல் அடி வைப்பவர், ஆசிரியரோ குழுவோ இல்லாமல் இதை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். எழுத்தை ஒருமுறையாவது யாராவது கல்லில் தொட்டுக் காட்டியிருக்க வேண்டும். அதன் பிறகு மறக்காமல் காக்க இதற்கு நிகரானதை நான் பயன்படுத்தியதில்லை. நாணயம் படிப்பவர்களுக்கும், ஓலைச்சுவடி எழுத்து பழகுபவர்களுக்கும், தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துள்ள பானையோடுகளைப் பார்ப்பவர்களுக்கும் இதே முறை அப்படியே பொருந்தும். சொந்தமாகப் பயிற்சிச் செயலி எழுதிக்கொண்டிருப்பவர்கள், அடுத்த பெரிய மாற்றத்தைத் தொடங்கும் முன் ஒரு மாதம் உங்கள் தரவை ஆன்கியில் ஏற்றிப் பழகிப் பாருங்கள்.

தாராசுரம் பெயர்ப் பொறிப்புகளுக்கான அட்டைக் கட்டு ஓரளவு முடிந்திருக்கிறது. வேண்டுபவர்கள் கேட்டால் ஆன்கியில் நேரே ஏற்றக்கூடிய ஏ.பி.கே.ஜி கோப்பாக அனுப்புகிறேன். எழுத்துருக்களும் படங்களும் அதற்குள்ளேயே இருக்கும். தேய்ந்த இடங்களில் என் வாசிப்பு ஐயத்துக்குரியது என்று குறித்திருக்கிறேன். நேரில் பார்த்தவர்கள் வேறு வாசிப்பு சொன்னால் குறிப்பில் திருத்தி, சொன்னவர் பெயரையும் சேர்த்துவிடுகிறேன்.